சோதனைக்குப் போகும் வண்டி

சாலையில் ஓடத் தக்கதா என்று வண்டியைப் பார்த்துச் சான்று தருவதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. அந்த நிலையத்திற்கு வண்டி சாலை வழியாகத்தான் சென்றாக வேண்டும். சான்று இல்லாத வண்டி சாலையில் ஓடலாகாது என்பது விதி. ஓடிச் சென்று நின்றால்தான் சான்று கிடைக்கும் என்பது நடைமுறை. கலியாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கலியாணம் ஆகும் என்று ஊர்ப்புறங்களில் வழங்கும் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும், மலாக்கா மாநிலத்தில் லாரியும் வேனும் பள்ளிப் பேருந்தும் வைத்துப் பிழைப்பவர்களுக்கு இஃது ஆண்டுக்கு இருமுறை வாசலில் வந்து நிற்கும் கேள்வி. மலேசியாவில் வாணிக வண்டிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்கு உட்பட வேண்டும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மஸ்ஜித் தானா வட்டாரங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரரும் சரி, தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பள்ளிப் பேருந்துக்காரரும் சரி, சோதனை நாளன்று தம் வண்டி எந்த உரிமையில் சாலைக்கு வருகிறது என்பதை அறிந்திருத்தல் நலம். அறியாதவர் செலுத்தும் விலை சில வேளைகளில் அபராதத்தோடு நிற்பதில்லை.

முதலில் தாள்களைப் பிரித்து அறிவோம். தொழில் அனுமதியை ஒரு புறம் ஒதுக்கிவிட்டால், வாணிக வண்டிக்கு மூன்று முக்கியம்: காப்புறுதி, சாலை வரி, சோதனைச் சான்று. இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. காப்புறுதி இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வாணிக வண்டியாயின் சோதனையில் தேறாமலும் புதுப்பிக்க முடியாது. ஆகவே காப்புறுதி முன்னே, சோதனை அடுத்து, சாலை வரி கடைசி என்பதே வரிசை. இவ்வரிசையில் நடுவிலுள்ள சோதனைக்குப் போகும்போது கடைசியிலுள்ள சாலை வரி ஏற்கெனவே காலாவதியாகியிருந்தால்தான் முன்சொன்ன பைத்தியக் கலியாணம் தொடங்குகிறது. சொந்தக் காருக்கு இந்நாட்டில் ஆண்டுதோறும் சோதனை இல்லை. உடைமை கைமாறும்போது முதலான சில வேளைகளில் மட்டுமே உண்டு. ஆனால் நெடுநாள் நிறுத்தி வைத்திருந்த பழைய காரை விற்கப் புறப்படுபவர் இதே சிக்கலில் விழுகிறார்.

சாலை வரி என்று நாம் சொல்வது சட்டத்தின் சொல்லன்று என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதனை மோட்டார் வண்டி உரிமம் என்றே குறிக்கிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், இருக்கிறது. வரி என்றால், பிந்திச் செலுத்தினாலும் கணக்குத் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் மனத்தில் படிகிறது. வீட்டு வரி அப்படித்தான். உரிமம் என்றாலோ, அது இல்லாத நாளில் வண்டியைச் சாலையில் பயன்படுத்தும் உரிமையே இல்லை. பின்னர்க் கட்டும் பணம் முன்னர் ஓட்டிய ஓட்டத்தைச் செம்மைப்படுத்தாது. 2023 பிப்ரவரியில் மின்னியல் சாலை வரி வந்தபின் சொந்தக் காரின் முன்கண்ணாடியில் வில்லை ஒட்டும் கட்டாயமும் நீங்கிவிட்டது. வசதிதான், ஆயினும் கண்ணாடியைப் பார்த்து முடிவு நாளை நினைவுபடுத்திக்கொண்ட பழைய வழக்கமும் அதனுடனே போயிற்று.

வண்டியின் தகுதியைக் குறிக்கும் சொற்களும் சிறிது நின்று பார்க்கத் தக்கவை. தமிழ்நாட்டில் அரசு ஏடுகள் தகுதிச் சான்று என்று எழுதினாலும், லாரித் தொழிலில் உள்ளவர்கள் ‘எப்.சி. காட்டுவது’ என்றே சொல்வார்கள். பெண் காட்டுவதுபோல வண்டியைக் காட்டுவது! சோதனை நாளுக்கென்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, திரும்பியதும் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. மலாய்மொழியில் தகுதியைக் குறிக்கும் ‘லாயாக்’ என்ற சொல்லும், நம் பேச்சுவழக்கில் உள்ள ‘லாயக்கு’ என்பதும் ஒரே அரபுச் சொல்லின் இரு கிளைகள். ஒன்று கடல்வழி வணிகரோடு இத்தீவக் கூட்டத்திற்கு வந்தது. மற்றொன்று இந்துஸ்தானி வழியாகத் தமிழகம் சேர்ந்தது. மலாக்காத் தமிழர் வாயில் இரண்டும் சந்திக்கின்றன.

இனிச் சோதிப்பவர் யார் என்பது. இந்நாட்டின் சாலைப் போக்குவரத்து இலாகா, இன்று ஜே.பி.ஜே. என்று வழங்குவது, 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் தோன்றியது. மலாயன் யூனியன் பிறந்த நாளும் அதுவே. நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு பகுதியாக இருந்த மலாக்கா அன்றுதான் மற்ற மாநிலங்களோடு ஓராட்சியின்கீழ் வந்தது. 1958-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையிலிருந்து, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இடங்கொடுத்தது. சோதனை செய்யும் வேலை 1994-இல் புஸ்பாகோம் என்னும் நிறுவனத்திடம் போயிற்று. முப்பது ஆண்டுகள் அந்நிறுவனம் ஒன்றே அதனைச் செய்துவந்தது. அத்தனியுரிமை 2024-இல் முடிந்து, பிற நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டது. நிலையங்கள் பெருகினால் சோதனைக்குப் போகும் தொலைவு குறையும். இக்கட்டுரைப் பொருளுக்கு அது சிறிய செய்தியன்று.

தோட்டத்து வாயில்

மலாக்காத் தோட்டங்களில் இக்கேள்விக்கு நகரத்தில் இல்லாத ஒரு முகம் உண்டு. மலாயாவின் வாணிக ரப்பர்ப் பயிர் இம்மாநிலத்தில்தான் தொடங்கியது. 1896-இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்ட ரப்பரே அதன் முதல் என்பர். அன்று முதல் தோட்டங்களுக்குள்ளே தோட்டத்தாரே வெட்டி, தோட்டத்தாரே செப்பனிடும் செம்மண் சாலைகள் உண்டாயின. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ‘சாலை’ என்பதற்குத் தரும் விளக்கம், பொதுமக்கள் நடமாடும் வழிகளை உள்ளடக்குகிறது. தனியார் தம் பொறுப்பில் வைத்துப் பராமரிக்கும் தனிவழியை விலக்குகிறது. ஆகவே வயல்வெளியைத் தாண்டாத உழவு எந்திரம்போல, லயத்திற்கும் ஆலைக்கும் இடையே மட்டும் ஓடும் பழைய டிராக்டர் சாலை வரியைப் பற்றிக் கவலைப்படாமல் காலங்கழிக்கக்கூடும்.

வாயிலைத் தாண்டிப் பொதுச்சாலையில் முன்சக்கரம் பட்டதும் நிலைமை தலைகீழாகிறது. தோட்டத்திற்குள் ஓடியே பழகிய வண்டி, சோதனைக்காகவோ பட்டறைக்காகவோ முதன்முறையாக வெளியேறும் அந்த ஓட்டமே அதன் வாழ்நாளில் மிக ஆபத்தான ஓட்டம். பிரேக்கு தோட்ட வேகத்திற்குப் பழகியது. பின்விளக்கு எரிந்து எத்தனை நாளாயிற்றென்று எவருக்கும் தெரியாது. ஓட்டுபவரோ ‘இதோ பத்து மைல்தானே’ என்று புறப்படுகிறார். இன்னொன்றும் உண்டு. தோட்டத்துச் சாலை வழியே கோயிலுக்கும் பள்ளிக்கும் வெளியார் தாராளமாக வந்துபோகும் இடங்களில், அதனைத் தனிவழி என்று சொல்வது தோட்ட நிருவாகத்தின் நம்பிக்கையாக இருக்கலாம். வழக்கு மன்றமும் அவ்வாறே கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. துரை சொன்னார், கிராணி சொன்னார் என்பது அங்கே சாட்சியாகாது.

பிரிட்டன் கண்ட வழி

இப்பைத்தியக் கலியாணத்தை வெளிப்படையாகத் தீர்த்துவைத்த சட்டங்களுள் பிரிட்டனுடையது தெளிவானது. அங்கே 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழியில், 1960-இல் பழைய வண்டிகளுக்கான சோதனை வந்தது. போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரின் முதலெழுத்துகளாலேயே ‘எம்.ஓ.டி. சோதனை’ என்று இன்றும் வழங்குகிறது. தொடக்கத்தில் பத்து வயது கடந்த வண்டிகளுக்கு மட்டும் பிரேக்கு, விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைப் பார்த்தார்கள். தேறாத வண்டிகள் ஏராளமாக இருந்தமையால் அடுத்த ஆண்டே பத்து வயது ஏழாயிற்று, 1967-இல் மூன்றாயிற்று.

சான்று இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது அங்கும் குற்றமே. ஆனால் முன்னேற்பாட்டின்படி சோதனைக்குப் போகும் வண்டிக்கும், அதிலிருந்து திரும்பும் வண்டிக்கும் விதிவிலக்கு உண்டு. தேறாத வண்டியை, குறை தீர்ப்பதற்கென்று முன்கூட்டியே பேசிவைத்த பட்டறைக்குக் கொண்டுபோகவும் இடம் உண்டு. இதில் ‘முன்னேற்பாடு’ என்ற சொல்லே உயிர்ச்சொல். காவலர் நிறுத்திய பின்பு ‘சோதனைக்குத்தான் போகிறேன்’ என்று சொல்வது முன்னேற்பாடு ஆகாது. இந்நாளில் இந்த நேரத்தில் இந்த நிலையத்தில் என்று பதிவு இருக்க வேண்டும். காவலர் தொலைபேசியில் கேட்டால் நிலையம் ஆம் என்று சொல்ல வேண்டும். இத்தனை மைல் என்ற எல்லையைச் சட்டம் வகுக்கவில்லை. ஆனால் போகும் வழியில் சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கினால் அந்தப் பயணம் சோதனைப் பயணமாக இருப்பது நின்றுவிடுகிறது. முன்பதிவு செய்த சோதனைக்குப் போகும் வண்டிக்குச் சாலை வரியிலிருந்தும் அங்கே அதே அளவு விலக்கு உண்டு.

இவ்விலக்கு எதைத் தொடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய பகுதி. காப்புறுதிக்கு விலக்கு இல்லை. சோதனைக்குப் போனாலும், சோதனையிலிருந்து திரும்பினாலும், காப்புறுதி உயிரோடு இருக்க வேண்டும். அதுபோலவே வண்டியின் மெய்யான குறைகளுக்கும் விலக்கு இல்லை. வழுக்கையான டயரோடு, பிடிக்காத பிரேக்கோடு சோதனைக்குப் போகிறவரை, அக்குறைகளுக்காகவே வழியில் பிடித்துத் தண்டிக்கலாம். ‘அதைப் பார்க்கத்தானே கொண்டுபோகிறேன்’ என்ற மறுமொழி எடுபடாது. 2018 மே மாதம் முதல் அங்கே குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று வகைப்படுத்துகிறார்கள். ஆபத்தானது என்று எழுதப்பட்ட வண்டியை, பழைய சான்றுக்கு இன்னும் நாள் இருந்தாலும், குறை தீரும்வரை ஓட்டலாகாது. சுருங்கச் சொன்னால், சட்டம் மன்னிப்பது தாளை, சக்கரத்தை அன்று.

இந்தியச் சட்டம் வேறொரு வகையில் கடுமையானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 56-ஆம் பிரிவின்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டி முறைப்படி பதிவு பெற்றதாகவே கருதப்படாது. எண் பலகை மாட்டியிருந்தும் பெயரில்லாப் பிள்ளைபோல நிற்கும். அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு, பழுது பார்ப்பதற்காக வெறுமையாகச் செல்லும் வண்டிக்கும், தற்காலிகப் பதிவோடு நிலையான பதிவுக்காக வெறுமையாகச் செல்லும் வண்டிக்கும் தொழில் அனுமதி வேண்டா என்கிறது. வெறுமையாக என்ற சொல்லை நோக்குக. போகிற போக்கில் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டால் சலுகை போய்விடுகிறது. அச்சலுகையும் தொழில் அனுமதியைப் பற்றியது மட்டுமே; தகுதிச் சான்றையோ காப்புறுதியையோ அது தொடவில்லை.

மலேசியாவிலும் காப்புறுதிக் கட்டாயம் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 90-ஆம் பிரிவில் தனியே நிற்கிறது. அதை மீறினால் அபராதம் மட்டுமன்று; சிறையும் ஓட்டுரிமை இழப்பும் வரக்கூடும். பலர் நினைப்பதுபோல இக்கட்டாயம் வண்டிக்காரரின் நன்மைக்காக ஏற்பட்டதன்று. சாலையோரம் நடந்துபோகிற, பெயர் தெரியாத மூன்றாம் ஆளுக்காக ஏற்பட்டது. அவர் அடிபட்டால் அவர் குடும்பத்திற்கு ஈடு கிடைக்க வேண்டும். அடித்தவருடைய பெட்டியில் பணம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது அமையலாகாது.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. காப்புறுதி இருந்தும், வண்டிக்கு வேறு தகுதி இல்லாதிருந்தால் என்ன ஆகும்? கேரள உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் 2018-இல் இதனை ஆராய்ந்து, தகுதிச் சான்றோ அனுமதியோ இல்லாமல் ஓட்டுவது காப்புறுதி ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவதாகும் என்று கூறியது. அதன் பயனாக, அடிபட்டவருக்குக் காப்புறுதி நிறுவனம் முதலில் பணம் கொடுக்கும். பிறகு அதனை உடைமையாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கு அந்தத் தொகை லாரியின் விலையைவிடப் பன்மடங்காக இருக்கலாம். வீட்டையும் விற்றுக் கட்ட நேரும். தீர்ப்பு இந்திய நாட்டுக்கு உரியது. ஆயினும், அடிபட்டவருக்கு முதலில் கொடு, மீறியவரிடம் பின்பு வாங்கு என்ற நெறி பிரிட்டிஷ் மரபில் வந்த காப்புறுதிச் சட்டங்களுக்குப் புதிதன்று. மலேசியச் சட்டமும் அம்மரபைச் சேர்ந்தது.

தாளும் சக்கரமும்

தாள் சரியாக இருந்தால் போதுமா? 2012 ஜூலையில் சென்னைக்கு அடுத்த தாம்பரத்தில், பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து அதே பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். அப்பேருந்து சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று பெற்றிருந்தது. தமிழ்நாட்டு அரசு அதே ஆண்டில் பள்ளி வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது; இப்போது கோடை விடுமுறையில், பள்ளி திறப்பதற்கு முன், மாவட்டந்தோறும் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அங்கே தளப் பலகையைக் காலால் மிதித்துப் பார்ப்பது ஒரு சடங்கன்று.

மலாக்காவிலேயே நிகழ்ந்தது இன்னும் அண்மையது. 2024 டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஆயர் குரோ அருகே, ஒரு லாரியிலிருந்து கழன்று விழுந்த டயர்மீது சுற்றுலாப் பேருந்து ஒன்று மோதிக் கட்டுப்பாட்டை இழந்து எதிர்ப்பக்கம் பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். கழன்றது ஒரு சக்கரந்தான். இறந்தவர்களுக்கும் அந்த லாரிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

பழந்தமிழர் வண்டிக்கு இந்த அச்சம் அன்றே இருந்தது. உப்பு வணிகராகிய உமணர் மேடும் பள்ளமுமான வழியில் செல்லும்போது, வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு போயினர். ‘சேமஅச்சு’ என்று அதற்குப் பெயர். ஔவையார் புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியை அதற்கு உவமித்திருப்பதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அவ்வுவமையில் போற்றப்படுவது வீரம் மட்டுமன்று. புறப்படும் முன்பே முறிவை எண்ணிப் பார்த்த வண்டிக்காரரின் அறிவும் அதில் அடங்கியிருக்கிறது. மயிற்பீலியேயாயினும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதை, இன்று எடைமேடைகளில் நிற்கும் அதிகாரிகள் வேறு சொற்களில் சொல்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். முடிவு நாளுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே சோதனைக்கு நேரம் குறித்துக்கொள்பவருக்கு மேலே சொன்ன சிக்கல் எதுவும் எழாது. அவர் போகும் நாளில் காப்புறுதி இருக்கிறது, சாலை வரி இருக்கிறது, பழைய சான்றும் இருக்கிறது; தேறாவிட்டால் திருத்தி மறுபடி கொண்டுபோக நாளும் இருக்கிறது. விழாக் காலத்திற்கு முந்திய வாரங்களில் நிலையங்களில் நெருக்கடி மிகும் என்பதையும் கணக்கிற் கொள்ள வேண்டும். பெருந்தொகையான வண்டி வைத்திருப்போரின் இடத்திற்கே சோதனைக் குழு வரும் ஏற்பாடும் உண்டு. ஒரு தோட்டத்திலுள்ள பல வண்டிகளை அவ்வாறு ஒரே நாளில் காட்டிவிட்டால் வாயில் தாண்டும் ஆபத்தே இல்லை. இவ்வசதியைப் பற்றித் தோட்டங்களில் பேச்சே எழாதது வியப்பு.

முடிவு நாள் கடந்துவிட்டதா? அப்போது வண்டியைத் தன் சக்கரத்தில் ஓட்டாமல், தட்டை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே ஐயத்திற்கு இடமில்லாத வழி. கயிற்றில் கட்டி இழுப்பது அதற்கு ஈடாகாது. நாலு சக்கரமும் தரையில் உருளுகையில் அதுவும் சாலையிலுள்ள வண்டியே, அதன் பிரேக்கும் ஒருவர் கையில் இருந்தாக வேண்டும். ஏற்றிச்செல்லும் கூலி மிகுதி என்று தயங்குவோர், அக்கூலியை ஒரு விபத்து வழக்கின் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தட்டை லாரி கிடைக்கவில்லை, ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், ஜே.பி.ஜே. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, அனுமதியை எழுத்தில் பெற்றுக் கையில் வைத்திருக்க வேண்டும். தரகர் வாய்ச்சொல் அனுமதியாகாது.

எவ்வழியில் போயினும் புறப்படும் முன் அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வருவது தக்கது. சக்கர நட்டுகள் இறுக்கமா, டயரில் தடம் இருக்கிறதா, முன்னும் பின்னும் விளக்கு எரிகிறதா, மிதித்தால் பிரேக்கு ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங்கில் வெற்றாட்டம் இருக்கிறதா, புகை கரியதா என்பன தோட்டத்து மெக்கானிக்கே பார்த்துவிடக் கூடியவை. எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவேட்டில் உள்ளபடி தெளிவாகப் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும்; துருவேறிய எண்ணால் திருப்பி அனுப்பப்படும் வண்டிகளும் உண்டு. சரக்கு வேண்டா, சோதனைக்கு வேண்டாத ஆள்களும் வேண்டா. நேரம் குறித்த தாளும் காப்புறுதித் தாளும் முன்பெட்டியில் இருக்கட்டும்.

திரும்பும் ஓட்டத்தைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. தேறிய வண்டிக்கு அது தொல்லையில்லாத வழி. தேறாத வண்டிக்கோ, காலையில் ஐயமாக இருந்த குறை இப்போது எழுத்தில் வந்துவிட்டது. காலையில் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கக் கூடிய உடைமையாளர், மாலையில் அதைச் சொல்ல முடியாது. அறிக்கையில் பிரேக்கு என்று இருந்தால், நிலையத்திற்கு அருகிலுள்ள பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு, அவர் பேருந்து ஏறி ஜாசினுக்குத் திரும்பலாம்.